சனிக்கிழமை இரண்டிலிருந்து ஆறு வரை: ஹாஸ்பிஸ் தன்னார்வப் பணி பற்றி

மூன்று ஆண்டுகளாக ஒரு ஹாஸ்பிஸில் சனிக்கிழமை மதியங்களில் தன்னார்வலராக இருக்கிறேன். குணமாகாத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இடம் அது. சேரலாமா என்று யோசிக்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது, "மனசு தாங்குமா?" என்றுதான். தாங்கும். நான் திருப்பிக் கேட்பது வேறு: உங்களால் சும்மா உட்கார முடியுமா?

எனக்கு அது முடியாமல்தான் இருந்தது. அம்மா கடைசியாகப் படுத்திருந்த பதினோரு நாளும் நான் ஓடிக்கொண்டே இருந்தேன். மருந்து வாங்க, ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பார்க்க, சொந்தக்காரர்களுக்குப் போன் போட. சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்த ஞாபகம் இல்லை. உயிர் போன நேரத்தில் பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். ஏழு வருடம் கழித்து ஹாஸ்பிஸில் பெயர் கொடுத்தபோது, "ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்கள். "சேவை செய்யணும்" என்றேன். உண்மைக் காரணம் இதுதான் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது.

பயிற்சிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆறு வார இறுதிகள். சக்கர நாற்காலியைத் தள்ளுவது, படுக்கையில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்க நர்ஸுக்குக் கைகொடுப்பது, விழுங்க முடியாதவருக்கு ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்தை நாங்கள் தொடக்கூடாது. அங்கே கேட்ட விஷயம் வாசலைத் தாண்டக்கூடாது. ஆனால் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது வேறொரு பயிற்சி. இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் ஐந்து நிமிடம் வாயே திறக்காமல் கேட்கவேண்டும் என்றார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே நான் ஆலோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டேன். மூன்று தடவை திரும்பச் செய்யவைத்தார்கள்.

அந்த வகுப்பில்தான் சிசிலி சாண்டர்ஸ் பற்றிக் கேள்விப்பட்டேன். நர்ஸாக இருந்தவர். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனைச் சமூகப் பணிக்கு வந்தார். 1948இல் லண்டனில், புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு அகதியோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். இப்படிப்பட்டவர்களுக்கென்று ஓர் இல்லம் வேண்டும் என்ற யோசனை அந்தப் பேச்சில் பிறந்தது. அந்த இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி டாஸ்மா 500 பவுண்ட் விட்டுச்சென்றார். நவீன ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் முன்னோடியான செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் 1967இல்தான் திறக்கப்பட்டது. ஒரு ஜன்னல் பத்தொன்பது வருடம் காத்திருந்தது. இதைவிட என்னைத் தொட்டது, நடுவில் சாண்டர்ஸே வேறொரு இல்லத்தில் மாலை நேரங்களில் தன்னார்வ நர்ஸாக வேலை பார்த்தார் என்பது. வலி வந்த பிறகு மார்ஃபின் கொடுக்காமல், வலி திரும்புவதற்கு முன்பே நேரம் தவறாமல் கொடுக்கும் முறையை அவர் அங்கேதான் கண்டார். பிறகு டாக்டருக்கே படித்தார்.

தன்னார்வலர் என்றால் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றுகிறவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அதையும் செய்கிறோம். ஆனால் அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டின் கீழ் இயங்கும் ஹாஸ்பிஸ்களில், நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு ஈடான நேரம் தன்னார்வலர்களுடையதாக இருக்கவேண்டும் என்று விதியே இருக்கிறது. என் நான்கு மணி நேரத்தில் பாதி, நோயாளியைவிட அவர் வீட்டு ஆட்களுக்குப் போகும். "நான் இங்க இருக்கேன்மா, நீங்க போய்க் குளிச்சிட்டு ஒரு மணி நேரம் படுங்க" என்று சொன்னால், சிலர் அந்த ஒரு வாக்கியத்துக்கே அழுதுவிடுவார்கள்.

இனி எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். முதல் வருடம் ஒரு தையற்காரர் இருந்தார். எழுபது தாண்டியவர். நான் பத்திரிகை வாசித்துக்காட்டக் கிளம்பினால் கையமர்த்துவார். இரண்டாவது வாரம் என் சட்டைக் கையின் ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்து, "இந்தத் தையல் நிக்காதும்மா. ஊசி நூல் கொண்டா" என்றார். கொண்டுபோனேன். மூன்று சனிக்கிழமை எனக்கு ஓரம் மடித்துத் தைக்கச் சொல்லிக்கொடுத்தார். வெளியே தையல் தெரியாமல், துணியில் ஓர் இழையை மட்டும் கோத்து எடுக்கவேண்டும். கோணலானால் பிரிக்கச் சொல்வார். அந்த ஒரு மணி நேரம் அவர் நோயாளி இல்லை, மாஸ்டர். நான் அவருக்கு எதுவும் கொடுத்ததாகத் தோன்றவில்லை, வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அதற்கடுத்த வாரம் அவருக்கு நினைவு தப்பியிருந்தது. விரல்கள் மட்டும் போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. கடைசி நாட்களில் பலருக்கும் இப்படி இருக்கும் என்று நர்ஸ் சொன்னார். அவர் மனைவி கேட்டுவிட்டு, "இல்லம்மா, அவர் காஜா எடுக்கிறார்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று மாலைவரை எனக்கு எழுந்து போகத் தோன்றவே இல்லை. என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

ஒரு குறை உண்டு, மனசு வலித்துச் சொல்கிறேன். நாங்கள் இல்லாத நாளில் ஒருவர் இறந்துபோனால் எங்களுக்குச் சொல்வதில்லை. அடுத்த சனிக்கிழமை உள்ளே போனால் புது விரிப்பு, புது முகம். தையற்காரர் போனதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு தடவை எழுதிக்கொடுத்தும் மாறவில்லை. நீங்கள் சேரும் இடத்தில் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சமீபத்தில் யாரையாவது இழந்திருந்தால் உடனே சேராதீர்கள். ஓர் இடைவெளி விட்டு வரச்சொல்வதுதான் பல ஹாஸ்பிஸ்களில் வழக்கம், அது சரியான வழக்கம்.

அந்த இடைவெளியில்தான் இப்போது நானும் இருக்கிறேன். நான்கு மாதம் முன்பு சித்தி போனாள், வீட்டிலேயே. கடைசி இரவில் மூச்சு வேகமாக வரும், பிறகு நிற்கும், இருபது விநாடி கழித்துத் திரும்ப வரும். தம்பி, "நின்னுடுச்சுக்கா!" என்று பதறி எழுந்தான். "இன்னும் இல்லடா, இப்படித்தான் விட்டு விட்டு வரும், உக்காரு" என்றேன். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது, அவளுக்கு அது வேதனையாக இருக்காது என்று சொல்லி ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கேட்டாலும் கேட்கும் என்று, சின்ன வயதில் அவள் எனக்குச் சடை பின்னிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தி கை என் கையில் இருந்தது. இரண்டு மூன்று முறை என் போன் அடித்தது. எடுக்கவில்லை.

அடுத்த மாதம் திரும்பி வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியத்துக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளவில்லை.