68,000 ராண்ட் போச்சு: பழைய பக்கி வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இன்று காலை எனக்கு வண்டி விற்ற ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வண்டி வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கொடுத்த பணம் 68,000 ராண்ட். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், டர்பன் பக்கம் பழைய பக்கி தேடிக்கொண்டிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். (வெளியூர்க்காரர்களுக்கு: பிக்கப் வண்டியைத்தான் இங்கே தென்னாப்பிரிக்காவில் பக்கி என்போம்.)

வண்டி 1978 மாடல் டட்சுன் 620. அப்பா வைத்திருந்ததும் அதே ரகம்தான். சாட்ஸ்வர்த்திலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கீரையும் கொத்தமல்லியும் ஏற்றிக்கொண்டு வார்விக் பக்கம் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். பின்பெட்டியின் வெளிப்பக்கத்தில் கயிறு கட்டுவதற்கு வரிசையாகச் சின்னக் கொக்கிகள் இருக்கும். தார்ப்பாயை இழுத்து அதில் கட்டுவது என் வேலை. தைப்பூசத்துக்குக் காவடிகளையும் அதில்தான் ஏற்றிப்போவோம். அந்தக் கொக்கிகளைப் பார்த்ததுமே எனக்கு மனசு இளகிவிட்டது. விற்றவருக்கும் அது தெரிந்துவிட்டது.

கடையின் பேரைச் சொல்லப்போவதில்லை. டர்பனுக்கு வடக்கே, பழைய வண்டிகளைப் புதுப்பித்து விற்கும் ஓர் இடம். உள்ளே முருகன் படம், அவர் நெற்றியில் திருநீறு. என் பேரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். இங்கே வீட்டுக்குள்ளேயே தமிழ் குறைந்துபோன காலத்தில், ‘வாங்கண்ணா, உக்காருங்க’ என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? அப்பாவைப் பற்றி நானே எல்லாவற்றையும் கொட்டினேன். ‘அந்த வண்டியே திரும்பி வந்துச்சுன்னு நெனச்சுக்குங்கண்ணா. ஃப்ரீ ஸ்டேட்ல ஒரு பண்ணையில நின்னது. கடல் காத்தே பட்டதில்ல’ என்றார். டர்பனின் உப்புக் காற்றும் ஈரமும் இரும்பைத் தின்றுவிடும். ஃப்ரீ ஸ்டேட் மாதிரி கடலுக்குத் தூரமான மேட்டு நிலத்து வண்டி என்றால் அதனாலேயே இங்கே மதிப்பு.

அடியில் பார்க்கக் குனிந்தேன். புதுசாக அடித்த கறுப்பு அண்டர்கோட், அதாவது அடிப்பக்கப் பூச்சு, தார் மாதிரி பளபளத்தது. அவர் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். ‘சட்டை அழுக்காயிடும்ணா. துரு பிடிக்காம இருக்கத்தான் போன வாரம் அடிச்சோம்.’ நானும் எழுந்துவிட்டேன். டார்ச் என் பையிலேயே இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் தூக்கம் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து போனிலிருந்து 68,000 ராண்டையும் அனுப்பினேன்.

எட்டாம் நாள் நல்ல மழை. கால் வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்புக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஃபீனிக்ஸில் காலமெல்லாம் பேனல் பீட்டிங் (வண்டித் தகடு வேலை) செய்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டண், டண், டண். பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் மாறி ‘தொப்’ என்றது. முனையைத் திருப்பி ஒரு குத்துக் குத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது துருத்தூளோடு ஈரமான செய்தித்தாளும் வந்தது. ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, மேலே பட்டி பூசி, அதற்குமேல் கறுப்பு அடித்திருக்கிறார்கள். காகிதத்தில் பாதிக் கோழி விளம்பரம் படிக்கிற மாதிரியே இருந்தது. அந்த ஸ்பிரிங்கை நம்பித்தானே என் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன்!

சீட்டைக் கழற்றினோம். பின்னால் மணல், தூண்டிலில் கட்டும் ஒரு ஈயக்குண்டு, ஒரு பழைய லைசென்ஸ் டிஸ்க் (முன்கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு). அதில் இருந்த நம்பர் என்.பி.எஸ். என்று ஆரம்பித்தது. அது போர்ட் ஷெப்ஸ்டோன் வண்டி, கடற்கரை ஊர். ‘படகு இறக்குன வண்டிப்பா இது’ என்றார் பெரியவர். படகு டிரெய்லரைப் பின்னால் தள்ளி உப்புத் தண்ணீருக்குள் இறக்கி இறக்கி, பின்பாதி சேஸிஸ் உள்ளேயிருந்தே அரித்துப்போயிருக்கிறது. சரிசெய்ய 80,000 ராண்டுக்குக் குறையாது என்கிறார். வாங்கினதே 68,000!

அன்றைக்கே போன் செய்தேன். ‘பாத்துக்கலாம்ணா, திங்கக்கிழமை கொண்டாங்க.’ திங்கட்கிழமை போனால் ஆள் இல்லை. மறுநாள் பேசியது அவர் தம்பி: ‘நாப்பது வருஷ வண்டிண்ணா, துரு இல்லாம இருக்குமா?’ அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் வந்த ஒரே வரி: ‘ரசீதைப் பாருங்க.’ பார்த்தேன். ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதியிருந்தது, அதாவது இருக்கிற நிலையிலேயே விற்பனை. விற்றவர் பேர் கடையுமல்ல, அவருமல்ல, நான் பார்த்தேயிராத யாரோ ஒருவர். பணம் போனதும் ரசீதில் பேர் இருந்த அந்த ஆளின் சொந்தக் கணக்குக்குத்தான். கடைக்காரர்கள் வண்டியை நிறுத்த இடம் மட்டும் கொடுத்தார்களாம்.

2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் பழுது என்றால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். தனியாள் தன் வண்டியை ஒரு தடவை விற்றால் அந்தச் சட்டம் வராது. அதற்காகத்தான் இந்தப் பேர் மாற்றும் வேலை. தெரிந்தே மறைத்தார்கள் என்று நிரூபித்தால் ஃபுட்ஸ்டூட்ஸ் நிற்காது என்று வக்கீலாக இருக்கும் என் மருமகன் சொல்கிறான். ஆனால் சிறு வழக்கு நீதிமன்றம் 20,000 ராண்டுக்கு மேல் எடுக்காது. என்னுடையது 68,000. பெரிய கோர்ட்டுக்குப் போக இன்னொரு 68,000 எங்கிருந்து வரும்?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பிலும் சக்கர வளைவிலும் கேபினின் பின்மூலையிலும் வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லையென்றால் அடியில் பட்டி. ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். சேஸிஸைத் தட்டிக் கேளுங்கள், குத்திப் பார்க்க விடமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். ரோட்வர்த்தி பேப்பரை (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்றிதழை) காட்டினால் மயங்காதீர்கள், அதற்காக யாரும் பட்டியைச் சுரண்டிப் பார்ப்பதில்லை. ரசீதில் யார் பேர் என்று பணம் அனுப்புவதற்கு முன்னால் படியுங்கள்.

நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். என் வண்டி நின்ற அதே இடத்தில் இப்போது ஒரு வெள்ளைப் பக்கி நிற்கிறது. ரோட்டிலிருந்தே குனிந்து பார்த்தேன். அடியில் புதுக் கறுப்பு.