டைம்அவுட் வரும்போது எது கைகொடுக்கும்: செலினியமா, பிளேரைட்டா?

பிரவுசரைத் தானாக இயக்கும் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு டைம்அவுட் பிழையை, அதாவது எதிர்பார்த்தது குறித்த நேரத்துக்குள் நடக்காமல் ஸ்கிரிப்ட் நின்றுபோவதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. நம் கணினியில் ஒழுங்காக ஓடும்; இரவில் சர்வரில் ஓடும்போது மட்டும் விழும். ஓர் இணையக் கடையின் பைத்தான் சோதனைகளை செலினியம் என்ற பிரவுசர் இயக்கும் கருவியிலிருந்து அதே வேலையைச் செய்யும் பிளேரைட்டுக்கு மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன்: புதிதாகத் தொடங்குகிறவர் பிளேரைட்டையே எடுக்கலாம்.

இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூலம். செலினியம் 2004இல் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் 2020இல் பிளேரைட்டை வெளியிட்டது. வேகத்தை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. டைம்அவுட் ஆன பிறகு காரணத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் போகிறது என்பதுதான் என் கணக்கு. பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி அங்கேதான் கரைகிறது.

செலினியத்தில் ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்கும் வெப்டிரைவர்வெயிட் நேரம் கடந்து நின்றால், நாமாக ஒரு செய்தி எழுதி வைத்திருந்தாலொழிய, பிழையில் 'மெசேஜ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெற்றிடம்தான் இருக்கும். பட்டன் வரவே இல்லையா, வந்தும் மறைந்திருந்ததா, பக்கமே வேறா? தெரியாது. பட்டனைச் சொடுக்கலாமா என்று பார்க்கும் நிபந்தனையும் அது கண்ணுக்குத் தெரிகிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறது. மேலே 'ஏற்றப்படுகிறது' என்ற திரை மூடியிருந்தாலும் சரி என்று சொல்லிவிடும். அடுத்த வரியில் சொடுக்கு தோற்கும். உடனே யாராவது ஐந்து விநாடி சும்மா நிற்கச் சொல்லும் ஸ்லீப் வரியைச் சேர்ப்பார்கள். அப்படிச் சேர்ந்த ஸ்லீப்களை எடுக்க யாருக்கும் துணிவு வராது.

பிளேரைட் சொடுக்குவதற்கு முன் பட்டன் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்குமா, சொடுக்கு உண்மையில் அதன்மேல்தான் விழுமா என்று தானே பார்க்கிறது. இல்லையென்றால் மறுபடி முயல்கிறது. 30 விநாடி கடந்து நின்றாலும், எந்த டிவ் (பக்கத்தின் ஒரு பகுதி) குறுக்கே நின்றது என்று அதன் பெயரோடு பதிவு கிடைக்கிறது. நடந்ததைப் பதிவு செய்யும் டிரேஸ் வசதியை, தோற்றுப்போன சோதனைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளும்படி இயக்கினால் இன்னும் நல்லது. ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது, எந்த நெட்வொர்க் கோரிக்கை தொங்கியது என்பதெல்லாம் ஒரு ஜிப் கோப்பில் வந்துவிடும். சர்வரில் விழுந்ததை நம் மேசையில் பிரித்துப் பார்க்கலாம். எனக்கு இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

பிளேரைட்டிலும் கண்ணிகள் உண்டு. சொடுக்குக்கு 30 விநாடி காத்திருக்கும் அது, எதிர்பார்த்தது பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் 'எக்ஸ்பெக்ட்' சரிபார்ப்புக்கு 5 விநாடிதான் தருகிறது. மெதுவான பக்கத்தில் சொடுக்கு தேறி, சரிபார்ப்பு தோற்பது இதனால்தான். நெட்வொர்க் ஓயும்வரை காத்திருக்கும் வழியையும் தவிர்த்துவிடுங்கள். அரட்டைப் பெட்டி விடாமல் சர்வரோடு பேசும் பக்கத்தில் அந்த ஓய்வு வராமலே போகலாம்.

அசல் சஃபாரியில் சோதிக்க வேண்டும், அல்லது குழு ரூபி மொழியில் எழுதுகிறது என்றால் செலினியம்தான். பிளேரைட், சஃபாரிக்கு அடிப்படையான வெப்கிட் எஞ்சினின் தன் சொந்தப் பதிப்பைத்தான் ஓட்டுகிறது. சஃபாரியில் எனக்குப் பழக்கம் குறைவு என்பதால் அந்த வேறுபாடு எவ்வளவு உறுத்தும் என்பதை உங்கள் தளத்தில் ஓட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

செலினியத்திலேயே தொடர்கிறவர்கள் எல்லாத் தேடலுக்கும் பொதுவான இம்ப்ளிசிட் வெயிட்டையும் ஓரிடத்துக்கென்று எழுதும் எக்ஸ்ப்ளிசிட் வெயிட்டையும் கலக்க வேண்டாம். காத்திருக்கும் நேரம் கணிக்க முடியாததாகிவிடும். ஒவ்வொரு வெயிட்டிலும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று ஒரு வரிச் செய்தி எழுதுங்கள். சோதனை தோற்கும் கணத்தில் ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தின் எச்டிஎம்எல்லையும் சேமித்துவையுங்கள்.