ஈசாஸ்கை: கேலக்ஸிக் கொத்துகளை அடுக்கடுக்காகப் பார்க்க ஒரு ஜன்னல்

தூக்கம் வராத இரவுகளில் எல்லாம் இதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன், அதனால் இதைப் பற்றி எழுதிவிடுவதே நல்லது. ஈசாஸ்கை என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் இணையச் செயலி. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், உலாவியில் திறந்தால் முழு வானமும் வந்து நிற்கும். பெயரை அடித்தால் அந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும். நெபுலா பார்க்கிறவர்களுக்கு இது ஒரு அழகான வான்படம், அவ்வளவுதான். கேலக்ஸிக் கொத்துமேல், அதாவது ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கும் கேலக்ஸிக் கூட்டங்கள்மேல் பைத்தியம் பிடித்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஏனென்றால் ஒரு கொத்தை ஒரே ஒளியில் பார்ப்பது பார்த்ததாகவே ஆகாது. நம் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் எல்லாம் சேர்ந்தும் கொத்தின் நிறையில் சில சதவீதம்தான். கேலக்ஸிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் பரவிக் கிடக்கும் வாயு அதைவிடப் பல மடங்கு அதிகம், அது பளிச்சென்று தெரிவது எக்ஸ் கதிரில். மிச்சமெல்லாம் கரும்பொருள், அது எந்தத் தொலைநோக்கியிலும் நேராகத் தெரியாது. ஆக, ஒரே இடத்தை வெவ்வேறு கருவிகளின் கண்ணால் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். ஈசாஸ்கை அதைத்தான் செய்கிறது, வான்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெதுவாகக் கரைந்து போகலாம்.

முதலில் கோமா கொத்தைப் போடுங்கள். சுமார் 32 கோடி ஒளியாண்டு தள்ளி, ஆயிரத்துக்கு மேற்பட்ட கேலக்ஸிகள். 1933இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இதில் உள்ள கேலக்ஸிகளின் வேகத்தைப் பார்த்துவிட்டு, தெரிகிற நிறை இவற்றைக் கட்டிப்போடப் போதாதே என்று குழம்பியது இந்தக் கொத்தில்தான். திறந்ததும் வருவது பழைய புகைப்படத் தட்டுகளை வருடி எடுத்த வண்ணப்படம். இதே மாதிரி பலோமார் வானாய்வகத்தின் தட்டுகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் ஜார்ஜ் ஏபெல் 1958இல் 2,712 கொத்துகளின் பட்டியலை வெளியிட்டார், அதை நினைத்தால் எனக்குக் கழுத்து வலிக்கிறது. படத்தின் நடுவே என்ஜிசி 4874, 4889 என்ற இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், சுற்றிலும் பொடிசுகள். இப்போது எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற எக்ஸ் கதிர் விண்வெளித் தொலைநோக்கியின் அடுக்குக்கு மாறுங்கள். கேலக்ஸிகள் பெரும்பாலும் மங்கிப்போய் ஒரே புகைமூட்டம் வரும், கீழே வலப்பக்கம் தனியாக ஒரு திட்டு. அது என்ஜிசி 4839ஐச் சுற்றியிருக்கும் சிறு கூட்டம், பெரிய கொத்தோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அந்த இடத்தில் நீங்கள் நின்றிருக்கக்கூட மாட்டீர்கள்.

இங்கே நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏபெல் பட்டியலில் இருந்து ஏதோ ஒரு கொத்தை எடுத்து எக்ஸ் கதிர் அடுக்குக்கு மாற்றினேன், ஒரே இருட்டு. வாயுவே இல்லாத கொத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அரை மணி நேரம் குதித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பக்கம் தொலைநோக்கி திரும்பியதே இல்லை! எக்ஸ்எம்எம், நாசாவின் சந்திரா இரண்டும் கேட்ட இடத்தை மட்டும் பார்க்கும் எக்ஸ் கதிர் கருவிகள், வானத்தில் அங்கங்கே ஒட்டுப்போட்ட மாதிரிதான் அவற்றின் படம் இருக்கும். முழு வானத்தையும் வருடிய வேலை ஈரோசிட்டா என்ற இன்னொரு எக்ஸ் கதிர் தொலைநோக்கியுடையது. அதன் முதல் தரவு 2024 ஜனவரியில் வந்தது, அதில் உறுதிசெய்த கொத்துகள் மட்டும் 12,247. ஆனால் வெளியிட்டது பாதி வானம்தான், கோமா அந்தப் பாதியில் இல்லை, புல்லட் கொத்து இருக்கிறது.

புல்லட்டை சந்திரா அடுக்கில் பாருங்கள். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை வைத்ததாலோ என்னவோ, எனக்கு அந்தத் தொலைநோக்கிமேல் ஒரு தனிப் பாசம் உண்டு, அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் கூர்மையில் எக்ஸ்எம்எம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வலப்பக்கம் அம்பு முனை மாதிரி ஒன்று, அதற்கு முன்னால் அதிர்ச்சி அலை. இரண்டு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிப் போயிருக்கின்றன, வாயு மட்டும் இடித்துப் பின்தங்கிவிட்டது. 2006இல் பிரபலமான படத்தில் வாயுவைக் காட்டும் இளஞ்சிவப்புக்கு இரு பக்கமும் நீலம் இருக்குமே, அந்த நீலம் எந்தத் தொலைநோக்கியும் எடுத்த படம் இல்லை, பின்னால் இருக்கும் கேலக்ஸிகளின் உருவம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்ட நிறை வரைபடம். அடுக்கு அடுக்காகப் புரட்டினால்தான் எது படம், எது கணக்கு என்று மண்டையில் ஏறுகிறது.

சரி, குறை? கண்ணுக்கு அழகாக இருப்பதற்காக வண்ணமும் வெளிச்சமும் திருத்திய படங்கள் இவை, இதை வைத்து ஒளி அளவெல்லாம் எடுக்கக் கூடாது. அதற்கு திருத்தாத அளவுகள் இருக்கும் மூல ஃபிட்ஸ் கோப்பைத்தான் இறக்க வேண்டும், அதற்கான வழி உள்ளேயே இருக்கிறது. எதை இறக்குகிறோம் என்று பார்த்து இறக்குங்கள். வேறொரு காப்பகத்தில் ஒரே ஒரு கொத்துக்குக் கேட்டு, மூட்டை மூட்டையாக வந்து விழுந்ததைப் பிரிக்கவே எனக்கு ஒரு சனிக்கிழமை முழுசும் போனது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டும் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்றால் லெகசி சர்வே பார்வைக்கருவி என்ற இன்னொரு இணைய வான்படம்தான் என் தேர்வு. பெரும்பாலும் நான்கு மீட்டர் தொலைநோக்கிகளின் படங்கள் என்பதால் பழைய தட்டில் வெறும் தூசியாகத் தெரிந்ததெல்லாம் அங்கே கேலக்ஸியாகிவிடும், கொத்தின் நீள்வட்டக் கேலக்ஸிகள் எல்லாம் ஒரே சீருடை போட்ட மாதிரி மஞ்சள் கலந்த சிவப்பில் நிற்பதை வைத்தே யார் உறுப்பினர், யார் வழிப்போக்கர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நிறமாலை இருக்கும் கேலக்ஸிகளுக்கு, தூரத்தைக் கணிக்க உதவும் செம்பெயர்ச்சியையும் பார்க்கலாம், தூரத்தில் சந்தேகம் வந்தால் அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். எக்ஸ் கதிர் வேண்டுமென்றால் திரும்ப ஈசாஸ்கைக்கு வர வேண்டியதுதான்.

கைபேசியில் பார்க்கலாம், ஆனால் பெரிய திரை இருந்தால் அதில் திறங்கள். பெர்சியஸ் கொத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவே இருக்கும் என்ஜிசி 1275இன் கருந்துளை சுற்றியிருக்கும் வாயுவில் குமிழிகளை ஊதிவைத்திருக்கிறது, சந்திரா அடுக்கில் அந்தக் குழிகள் தெரியும். நான் அதில் மாட்டினால் மணி பார்ப்பதில்லை.