டியூஸா, ஐந்து டன்னா, எல்எம்டிவியா? கழித்த ராணுவ லாரி வாங்கும் முன்

அமெரிக்க ராணுவம் கழித்துவிடும் சரக்கு லாரிகளில் தனியாள் வாங்கி ஓட்டக்கூடியவை என்று பார்த்தால் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப அடிபடும். 'டியூஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் இரண்டரை டன் எம்35ஏ2, ஐந்து டன் எம்923, அப்புறம் எல்எம்டிவி எனப்படும் எம்1078. பண்ணைக்காரர்கள், விறகு ஏற்றுபவர்கள், பின்னால் பெட்டி வைத்து வீடாக்கி ஊர் சுற்ற நினைப்பவர்கள், வெறும் ஆசைக்கு வாங்குபவர்கள் என எல்லாரும் இந்த மூன்றுக்குள்தான் சுற்றிவருகிறார்கள். பேச்சு எப்போதும் இன்ஜினில் தொடங்கி இன்ஜினிலேயே முடியும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கை. இரண்டாவது, பழுதானால் யார் கைவைப்பார் என்பதை. இன்ஜின் மூன்றிலுமே நன்றாக உழைக்கும்.

இந்த 'டன்' கணக்கில் பலர் குழம்புகிறார்கள். இரண்டரை டன், ஐந்து டன் என்பதெல்லாம் மேடுபள்ளமான காட்டுப்பாதையில் இவ்வளவு ஏற்றலாம் என்று ராணுவம் வைத்த அளவு. தார்ச்சாலையில் டியூஸ் அதைப்போல் இருமடங்கு தாங்கும். அதனால் பண்ணை வேலைக்கு இரண்டரை டன் போதாது என்று பெயரை மட்டும் பார்த்து ஒதுக்க வேண்டாம்.

சரி, பிரேக்குக்கு வருவோம்.

எம்35 என்பது மிச்சிகன் மாநிலத்து ரியோ கம்பெனி உருவாக்கி, 1950களின் தொடக்கத்தில் படைக்கு வந்த வடிவம். ஏ2 ரகம் பிறகு வந்தது என்றாலும் பிரேக் அமைப்பு பழைய காலத்தையது. ஏர் டேங்க் இருக்கிறதே, இதுவும் ஏர் பிரேக்தான் என்று நினைத்துவிடக் கூடாது. காற்று இங்கே மிதிக்கும் காலுக்கு உதவி செய்கிறது, அவ்வளவுதான். சக்கரத்தில் பிடிப்பது பிரேக் ஆயில். மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, ஆயில் போகும் வழி ஒன்று, அதை நம்பி ஆறு டிரம். ஏதாவது ஒரு வீல் சிலிண்டர் கசிந்து தீர்ந்தாலோ, பழைய ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்தாலோ பெடல் நேரே தரைக்குப் போய்விடும். ஆறு டிரம்மிலும் ஒன்றும் பிடிக்காது. மிச்சமிருப்பது ஹேண்ட் பிரேக். அதுவும் சக்கரத்தில் பிடிப்பதில்லை, முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டில் இருக்கும் டிரம்மைப் பிடிக்கிறது. நிறுத்திய வண்டி உருளாமல் இருக்க அது சரி. சுமையோடு இறக்கத்தில் இறங்கும் வண்டியை நிறுத்த அதை நம்பினால் கஷ்டம்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. 1980களில் ராணுவம் சிலிகான் பிரேக் ஆயிலுக்கு மாறியது. டாட் 5 என்ற ரகம், பெரும்பாலும் ஊதா நிறத்தில் இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சாது என்பதால் வருடக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் மாஸ்டர் சிலிண்டரில் அளவு குறைந்திருக்கிறதே என்று யாராவது கடையில் கிடைத்த டாட் 3 பாட்டிலை ஊற்றியிருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. கைமாறி வந்த டியூஸ் என்றால் உள்ளே என்ன ஆயில் இருக்கிறது என்று விற்பவரைக் கேட்பதோடு நிற்காமல், கொஞ்சம் எடுத்துக் கண்ணாலேயே பாருங்கள். கலப்படம் என்றால் லைன் முழுவதையும் கழுவி, ரப்பர் பாகங்களை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எம்923 முழு ஏர் பிரேக். நம்மூர் பஸ், லாரி ஓட்டியவர்களுக்குப் பழகிய அமைப்புதான். காற்று போனால் ஸ்பிரிங் தானாக விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். நடு ரோட்டில் நின்று மானம் போகலாம், உயிர் போகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டுமென்றால் டியூஸுக்கு மேலாக இதைத்தான் சொல்வேன்.

அதற்காக ஐந்து டன் வண்டியில் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எம்923 சேர்ந்த எம்939 வரிசையின் பிரேக் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கும். காலி வண்டி, ஈரச் சாலை, அழுத்தி மிதித்த கால் என்று மூன்றும் சேர்ந்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிவிடும். இந்த வரிசையின் விபத்துகளைப் பற்றி மட்டுமே அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 1999இல் தனி அறிக்கை வெளியிட்டது. ராணுவம் 40 மைல் வேக வரம்பு போட்டது. பிறகு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிட் பொருத்தியது. ஆக, எம்923 பார்க்கப் போனால் ஏபிஎஸ் பொருத்தியதா, டயர் ரேடியலா என்ற இரண்டு கேள்விகளையும் கட்டாயம் கேளுங்கள். அடிப்படை ரகத்தை விட ஏ1, ஏ2 ரகங்களில் வரும் பெரிய ஒற்றை ரேடியல் டயர் சாலையை நன்றாகவே பற்றும்.

எல்எம்டிவியும் ஏர் பிரேக்தான். ஏ1 ரகத்திலிருந்து ஏபிஎஸ் உண்டு. பிரேக்கைப் பொறுத்தவரை மூன்றில் இதுதான் இன்றைய லாரிக்கு நெருக்கம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி எல்லாரும் கேட்கும் இன்ஜின் கதை. டியூஸின் மல்டிஃப்யூவல் இன்ஜின் 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 130 குதிரைசக்திக்குக் கொஞ்சம் கூட. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாவற்றிலும் ஓடும். அவசரத்துக்குப் பெட்ரோலிலும் ஓடும்படி அமைத்தார்கள். இதைக் கேட்டதும் 'அப்படியானால் ஓசி எண்ணெயில் ஓட்டலாமே' என்று ஆள்கள் கிளம்பிவிடுகிறார்கள். ஹோட்டல் எண்ணெய், வடித்தெடுத்த பழைய இன்ஜின் ஆயில் என்று ஊற்றி ஓட்டுபவர்கள் உண்டுதான். ஆனால் அந்த எண்ணெயை வாங்கி, படியவிட்டு, வடிகட்டி, ஈரம் எடுத்து, பீப்பாயில் சேர்த்து வைப்பது ஒரு தனித் தொழில். சோம்பேறித்தனமாக வடிகட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், இன்ஜெக்ஷன் பம்ப் கெட்டுப்போகும். அந்தப் பம்பைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சாதாரண லாரிகளில் புழங்காத இன்ஜின் என்பதால் உதிரிபாகமும் ராணுவச் சரக்கு விற்கும் கடைகளில்தான் தேட வேண்டும்.

எம்923இன் பலமே இங்கேதான். உள்ளே இருப்பது கம்மின்ஸ் என்எச்சி-250, 14 லிட்டர், 240 குதிரைசக்தி, டர்போ கிடையாது. கம்மின்ஸ் 855 குடும்பத்தைச் சேர்ந்தது. நெடுஞ்சாலை லாரிகளிலும் மண்வாரி இயந்திரங்களிலும் தலைமுறைகளாக ஓடிய இன்ஜின் இது. கியர்பாக்ஸ் ஆலிசன் ஆட்டோமேட்டிக். எந்தச் சிற்றூரில் நின்றாலும் டீசல் மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 'ஓ, இதுவா' என்பார். ஏ2வில் இதைவிடச் சிறிய 8.3 லிட்டர் கம்மின்ஸ், டர்போவோடு வருகிறது. அதற்கும் பாகத்துக்குப் பஞ்சமில்லை. எரிபொருள்தான் வலிக்கும். ஐந்து டன் லிட்டருக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று கிலோமீட்டர் கொடுக்கும். டியூஸ் நான்கைத் தொடும்.

எல்எம்டிவி வேறு தலைமுறை. ஆஸ்திரியாவின் ஸ்டையர் 12எம்18 லாரியை அடிப்படையாக வைத்து டெக்ஸாஸில் ஸ்டூவர்ட் அண்ட் ஸ்டீவன்சன் கம்பெனி தயாரித்தது. 1996இல் படைக்கு வந்தது. முதல் ரகத்தில் கேட்டர்பில்லர் 3116 இன்ஜின், 225 குதிரைசக்தி, ஏழு கியர் ஆலிசன் ஆட்டோமேட்டிக். இன்ஜினுக்கு மேலேயே கேபின் இருப்பதால் வண்டி நீளம் குறைவு, திருப்ப எளிது. ஹைட்ராலிக் பம்பை அடித்துக் கேபினை முன்னால் சாய்த்தால் இன்ஜின் முழுக்கக் கண்முன்னே நிற்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் உண்டு. பெட்டி வைத்து வீடாக்க நினைப்பவர்கள் இதை நாடுவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் வசதி கூடக்கூட வயர் கூடுகிறது. டியூஸில் மின்கோளாறு என்றால் ஒரு டெஸ்ட் விளக்கை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தே கண்டுபிடித்துவிடலாம். எல்எம்டிவியில் கியர்பாக்ஸுக்கு ஒரு கணினி, காற்றுப் பொத்தானுக்கு ஒரு கணினி என்று பெட்டி பெட்டியாக இருக்கும். கேபின் சாய்க்கும் ஹைட்ராலிக் கசிந்தால் இன்ஜினைத் தொடுவதற்கே முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். முதல் ரகத்துக்கு இன்னொரு பழங்கதையும் உண்டு. டிரைவ் ஷாஃப்ட் அதிர்வினால் ஃபிளைவீல் உறை விரிசல் விட்டு, 1998இல் ராணுவமே 30 மைலுக்கு மேல் ஓட்டாதே என்று நிறுத்திவைத்து, பிறகு மாற்றங்கள் செய்தது. பழைய எல்எம்டிவி வாங்குபவர் டார்ச் எடுத்துக்கொண்டு அந்த உறையைச் சுற்றிப் பார்ப்பது நல்லது.

ஓட்டும் சுகம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்றும் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டி மூச்சு வாங்கிவிடும். டியூஸில் பவர் ஸ்டியரிங் இல்லை. நின்ற இடத்தில் திருப்பினால் தோள் கழன்றுவிடும். மெல்ல உருளவிட்டுத்தான் திருப்ப வேண்டும். காதுக்கு அடைப்பான் போடச் சொல்லிக் கேபினிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கும், அது அலங்காரத்துக்கு ஒட்டியதில்லை. சில டியூஸ்களின் டர்போ விசில் போல் கூவும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒப்பீடெல்லாம் எடுபடாது.

பராமரிப்புச் செலவில் மூன்றுக்கும் பொதுவானவை சில. ஆயில் மாற்றினால் 20 லிட்டர் அளவில் வாங்க வேண்டும். ஷாஃப்ட் ஜாயின்ட், ஸ்பிரிங் என்று கிரீஸ் அடிக்கும் இடங்கள் ஏராளம். ஒன்றை விட்டாலும் அது பின்னால் வட்டியோடு கேட்கும். மின்சாரம் 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையில் இணைத்தது. ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டுமென்று ஒரே பேட்டரியிலிருந்து வயர் இழுத்தால் அந்தப் பேட்டரி ஒருபக்கமாக வடிந்து, கூட இருப்பதையும் சேர்த்துச் சீக்கிரம் சாகடிக்கும். தனியாக ஒரு கன்வெர்டர் வைத்துவிடுங்கள். இவற்றுக்கெல்லாம் ராணுவத்தின் டிஎம் என்ற கையேடுகள் உண்டு. டியூஸுக்கு 9-2320-361, ஐந்து டன்னுக்கு 9-2320-272, எல்எம்டிவிக்கு 9-2320-365 வரிசை. பத்தொன்பது வயது சிப்பாய்க்குப் புரிய வேண்டும் என்று படம் போட்டு எழுதியவை. இவ்வளவு தெளிவான கையேடு எந்தக் காருக்கும் நான் பார்த்ததில்லை.

டயர் விஷயத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம். டியூஸின் 9.00-20 டயர் லாக் ரிங் வைத்த ரிம்மில் உட்கார்ந்திருக்கும். ரிங் சரியாக அமராமல் காற்றடித்தால் அது எகிறி ஆளை அடித்துவிடும். இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். ஐந்து டன்னின் 14.00R20 ஒற்றை டயர்களில் ரிம் இரண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்தது. வால்வைக் கழற்றிக் காற்று முழுக்க இறங்கியதா என்று பார்க்காமல் அந்தப் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. ரிம்மோடு சேர்த்து ஒன்று 150 கிலோவுக்கு மேல். தனியாளாக வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு மாற்றிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த விஷயத்தில் டியூஸின் சின்ன டயர்தான் உங்கள் முதுகுக்கு நல்லது.

வண்டி பார்க்கப் போகும்போது நான் முதலில் குனிந்து பார்ப்பது சக்கரத்தின் உள்பக்கத்தைத்தான். டயரின் உட்சுவரில் மேலிருந்து கீழாகக் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால் ஹப் சீல் போய்விட்டது. ஆக்சில் ஆயில் பிரேக் ஷூவை நனைத்திருக்கும் என்று அர்த்தம். சீல் விலை கொஞ்சம்தான். ஆனால் டிரம்மைக் கழற்றி, பேரிங் துடைத்து, புது கிரீஸ் அடைத்து, ஷூ மாற்றி முடிக்க ஒரு சக்கரத்துக்கே பொழுது போய்விடும். அப்புறம் ஏர் வண்டி என்றால் காற்று நிரம்பியதும் இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். மீட்டர் முள்ளையும் பாருங்கள், காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். புஸ்ஸென்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே பாதி ஜாதகம்.

என் முடிவைக் கேட்டால் இதுதான். கையில் ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்கும், நெடுஞ்சாலைக்குப் போக மாட்டேன், பண்ணைக்குள்ளும் கிராமச் சாலையிலும்தான் ஓட்டம் என்பவருக்கு டியூஸ். ஆனால் வாங்கியதும் முதல் செலவு ஆறு டிரம்மையும் திறந்து பார்ப்பதாக இருக்கட்டும். உண்மையாகவே பாரம் ஏற்றி உழைப்பவருக்கு எம்923ஏ2. வீடாக்கி ஊர் சுற்றுபவருக்கு எல்எம்டிவி, அதிலும் பணம் இருந்தால் ஏ1. ஒன்றுதான் என்று என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் ஏ2 ஐந்து டன் பக்கம் சாய்வேன்.

அதற்கும் முன்னால் லைசன்ஸைப் பாருங்கள். அமெரிக்காவில் மொத்த எடைத் தகுதி 26,001 பவுண்டை எட்டினால் வணிக ஓட்டுநர் உரிமம் என்ற பேச்சு வந்துவிடும். டியூஸும் எல்எம்டிவியும் அந்தக் கோட்டுக்குக் கீழே. ஐந்து டன் மேலே. சொந்த உபயோகத்துக்கு விலக்கு தரும் மாநிலங்கள் உண்டு, வேறு வகை உரிமம் கேட்கும் மாநிலங்களும் உண்டு. ராணுவ வண்டியைச் சாலைக்குப் பதிவு செய்வதிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இன்ஷூரன்ஸ் கொடுக்கும் கம்பெனியையும் பணம் கட்டும் முன்பே பிடித்துவைக்க வேண்டும்.

டியூஸ்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தனியார் கைக்கு வந்துவிட்டன. அவற்றுக்கு உரிமைப் பத்திரம் இருக்கும், அதிலுள்ள எண் வண்டியின் தகட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். எம்923, எல்எம்டிவி போன்றவற்றை கவ்பிளானட் என்ற இணைய ஏலத்தில் நேரடியாக எடுப்பதென்றால், உரிமைப் பத்திரம் வாங்கத் தேவையான எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்று வரும் வண்டியா என்று பட்டியலிலேயே பாருங்கள். 'சாலை உபயோகத்துக்கு அல்ல' என்று போட்டிருந்தால் எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். சான்று தபாலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை வண்டியை ஓட்டிவர முடியாது, லோபெட் டிரெய்லரில்தான் ஏற்றிவர வேண்டும். கிடங்கு எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பார்த்து, அந்த டிரெய்லர் வாடகையைக் கேட்டு, ஏல விலையோடு கூட்டிய பிறகு கை தூக்குங்கள்.