உப்புக் காற்றில் நிலைக்கும் பசுமைச் சான்றிதழ் எது?

தேவிபட்டினத்தில் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில் 1,800 சதுர அடியில் வீடு கட்டத் தொடங்கியபோது, மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் கட்டடங்களுக்குத் தரும் பசுமைக் கட்டடச் சான்றிதழும் பெற்றுவிட எண்ணி நான்கு திட்டங்களை ஆராய்ந்து, கடைசியில் ஸ்வாகிரிஹாவைத் தேர்ந்தோம்.

அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட், பன்னாட்டு நிறுவனங்கள் வாடகைக்கு வரும் பெருநகர அலுவலகங்களுக்குப் பொருந்தும்; சொந்தக் குடியிருப்புக்கு அந்தப் பெயரால் பெரிய ஆதாயமில்லை. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றமான ஐ.ஜி.பி.சி.யில் வீடுகளுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த நிதி நிறுவனமான ஐ.எஃப்.சி.யின் எட்ஜ், நாங்கள் பார்த்தபோது, மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள்களைத் தயாரிக்கச் செலவான ஆற்றல் ஆகிய மூன்றிலும் வழக்கமான கட்டடத்தைவிட 20 சதவீதம் மிச்சம் கேட்டது. அதன் மென்பொருள் இலவசம் என்பதால், வரைபட நிலையிலேயே நாங்களும் கணக்கிட்டுப் பார்த்தோம். ஏசி இல்லாத வீட்டுக்கும், வசதியான வெப்பநிலைக்குத் தேவைப்படும் மின்சாரத்தை அது சேர்த்துக் காட்டுவது நேர்மையான கணக்காகவே பட்டது.

ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். உறவினர் வீட்டு மாடியில் சூரிய மின்தகட்டுச் சட்டத்தின் நட்டில் ஸ்பேனரை வைத்துத் திருகியதும், அது துருப்பொடியாக உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. அதே மாடியில் ஏசியின் வெளி யூனிட்டில் இருந்த அலுமினியத் தகடுகள் விரல் பட்டாலே வெண்பொடியாயின. இந்தக் கரையில் கருவிகளை நம்பிச் சான்றிதழுக்காகப் பெறும் புள்ளிகள் சில ஆண்டுகளில் காகிதத்தில் மட்டுமே மிஞ்சும். சுவரும் நிழலும் தொட்டியும் தரும் புள்ளிகளே வீடு உள்ளவரை நிற்கும்.

ஆற்றல் ஆய்வு நிறுவனமான டெரியும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் உருவாக்கிய கிரிஹா சான்றிதழின் சிறிய வடிவமான ஸ்வாகிரிஹா, 2,500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கானது. 14 அளவுகோல்கள், 50 புள்ளிகள். 25 பெற்றாலே ஒரு நட்சத்திரம். அதிலும் கருவிகளுக்குப் புள்ளி உண்டு என்றாலும், சிறிய வீட்டுக்கு வெயில் தடுப்பு, பகல் வெளிச்சம், தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டே போதிய புள்ளிகளைத் திரட்ட முடிந்தது. மேற்குச் சன்னல்களுக்கு ஆழமான சன்ஷேடு அமைத்தோம். மாடியில் செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த சுர்க்கி போட்டு வெள்ளை ஓடு பதித்தோம். கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால் மழைநீரை நிலத்தில் இறக்குவதோடு நிறுத்தாமல், நிலத்தடித் தொட்டியிலும் சேர்த்தோம். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 100 லிட்டர் விழுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தவறவிட்டால் குடிநீரை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

எந்தப் புள்ளிக்காகவும் அல்லாமல் செய்தது ஒன்றுண்டு. "கம்பிக்கு வெளிய கனமா கான்கிரீட்டு நிக்கணும்ணே, இல்லாட்டி உப்பு உள்ள இறங்கித் தின்னுரும்" என்று கொத்தனார் வற்புறுத்தியதால், கம்பியைக் கான்கிரீட்டின் விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கைப் பெரிதாக வைத்தோம். துரு ஊதிப் பெருத்துக் காரையைப் பெயர்த்துவிட்டால், இடித்துக் கட்டும் சிமென்ட்டிலேயே சேமித்த ஆற்றலெல்லாம் போய்விடும்.

இராமேசுவரத்தில் அறைதோறும் ஏசி வைக்கும் விடுதி கட்டுபவர் எட்ஜைத் தேர்ந்தால் தவறென்று சொல்ல மாட்டேன். நான் கட்டியது ஒரே ஒரு வீடு. குடியேறி மூன்று மழைக்காலமே ஆகிறது.