களிமண்ணுக்கு முழுப் புள்ளி, வர்ணத்துக்குப் பாதி

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் நடக்கிற களிமண், வர்ண வகுப்பைப் பற்றிச் சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு, அதாவது 3 தொடக்கம் 5 வயது வரைக்கும். 2 மணித்தியாலம், பிள்ளைக்கு 1,500 ரூபா, சாமான் எல்லாம் அவர்களே தருகிறார்கள். மகளை இன்னமும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் ஒரு விசயம் சரியில்லை.

முதலில் நல்லது. மண் உண்மையான களிமண். பெட்டியில் வருகிற பிளாஸ்டிசின் எண்ணெய் கலந்தது, எத்தனை நாள் வைத்தாலும் காயாது, நாலு நாளில் எல்லா நிறமும் ஒன்றாகக் குழைந்துவிடும். இங்கே ஈரச் சாக்கால் மூடிய களியிலிருந்து ஆளுக்கொரு உருண்டை. எங்கள் வளவுச் செம்மண்ணில் உருண்டை பிடிக்கலாம், காது மூக்கு வைக்கப் போனால் உதிர்ந்துவிடும், அதனால் பிள்ளைகளுக்கு இது புதுசு. அச்சு எதுவும் கொடுப்பதில்லை, அதுதான் எனக்கு நன்றாகப் பிடித்தது. கொஞ்ச நேரம் சும்மா அடிக்கவும் குத்தவும் விடுகிறார்கள். ஒரு அம்மா பக்கத்தில் நின்று "யானை செய்யுங்கோ பிள்ளை" என்று தொடங்க, ரீச்சர் சிரித்துக்கொண்டே "அம்மா, நீங்கள் அங்காலை கதிரையில இருங்கோ" என்றார். கை கால் ஒட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஈர்க்கால் கீறி, கரைத்த களியைப் பூசி அழுத்தவேண்டும் என்பதை நாலு வயதுக்குச் சொல்லிக்கொடுத்து, அதுகளும் செய்கின்றன. ஆடிப்பிறப்புக் கிழமையில் ஒரு பெடியன் கொழுக்கட்டை செய்து விளிம்பைச் சுற்றிவரக் கிள்ளி மடித்தான் பாருங்கள், வீட்டில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த கை அது.

இனி வர்ணம். செய்த கையோடு, ஈரத்திலேயே போஸ்டர் கலர் பூசவிடுகிறார்கள். ஈரக் களியில் நிறம் மண்ணோடு கலந்து மங்கிவிடும், பேந்து மண் காய்ந்து சுருங்க மேலே இருக்கிற வர்ணம் செதில் செதிலாகக் கழன்றுவிடும். போதாததற்கு, சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வேறு வைக்கிறார்கள். மெல்லிய இடம் முதலில் காய்ந்து சுருங்கும், தடித்த இடம் ஈரமாகவே இருக்கும், இரண்டுக்கும் நடுவில் வெடிப்பு. மகளின் மயிலுக்கு வீடு வருமுன்னமே கழுத்துப் போய்விட்டது. நிழலில், மேலே கடதாசி போட்டு, சில நாள் ஆற விட்டு அடுத்த கிழமை பூசினால் என்ன என்று கேட்டேன். "அண்டைக்கே கொண்டுபோகவேணும் எண்டு தாய் தேப்பன்மார் கேட்கினம்" என்றார்கள். அதுவும் பொய்யில்லை, முடிகிற நேரத்தில் போனோடு கேற்றடியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் விளங்கும்.

இன்னொன்று, நிறையப் போத்தல்களைத் திறந்து வைத்தால் பிள்ளை எல்லாவற்றையும் கலந்து மண்ணிறத்தில்தான் முடிக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் மட்டும் கொடுத்தால் பச்சையும் செம்மஞ்சளும் தானாகக் கண்டுபிடிக்கும்.

போகிறவர்கள் பழைய உடுப்புப் போட்டு அனுப்புங்கள். கையை வாளியில் கழுவுங்கள், களி குழாயை அடைத்துவிடும். வீட்டில் கொட்டிக் காய்ந்த மண்ணைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள், அந்தத் தூசு நெஞ்சுக்கு நல்லதில்லை. பிள்ளை செய்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம், சுடாத மண், கரைந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் லேசில் காயாது, அப்போது சேர்க்கிறதென்றால், வர்ணத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளுவார்களா என்று கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.