எலைசாவா, பிசிஆரா, புகையிலைக் கன்றா?

கொழும்பில் பயிர் வைரஸ் பரிசோதனை தொடங்க நினைக்கும் ஆய்வுகூடத்தில் முதலில் எழும் கேள்வி, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். மண்ணில் வாழும் வட்டப்புழுக்கள் பரப்பும் வைரஸ்களைப் பொறுத்தவரை, பரிசோதனை வைரஸின் எந்தப் பாகத்தைத் தேடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உருளைக்கிழங்கையே எடுப்போம். டிஆர்வி என்று சுருக்கிச் சொல்லப்படும் டொபாக்கோ ரட்டில் வைரஸை ட்ரைக்கோடோரஸ், பாராட்ரைக்கோடோரஸ் இன வட்டப்புழுக்கள் வேரில் குத்திச் சாறு உறிஞ்சும்போது ஏற்றிவிடுகின்றன. கிழங்கை வெட்டினால் சதைக்குள் தக்கை போன்ற பழுப்பு வளைவுகள் தெரியும். ஐரோப்பாவில் இது பழைய தலைவலி. அங்கிருந்து விதைக்கிழங்கு இறக்கும் நமக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும்.

எதிருடல்களைக் கொண்டு வைரஸைத் தேடும் எலைசா சோதனை மலிவு. 96 குழிகள் கொண்ட ஒரு தட்டில் நிறைய மாதிரிகளை ஒரே தடவையில் பார்க்கலாம், மஞ்சள் நிறம் வந்தால் வைரஸ் இருக்கிறது. 1977 முதல் தாவர வைரஸ் ஆய்வின் அன்றாட வேலைக்காரன் இதுதான். ஆனால் அது தேடுவது வைரஸின் உறைப்புரதத்தை. டிஆர்வியின் மரபுப்பொருள் இரண்டு ஆர்என்ஏ துண்டுகளாக இருக்கிறது: பெருகத் தேவையானது முதல் துண்டில், உறைப்புரதம் இரண்டாவதில். வில்லங்கம் இங்கேதான். சில செடிகளில் முதல் துண்டு மட்டும் தனியாகப் பெருகி, உறையே இல்லாமல் நோயையும் உண்டாக்கும். அந்தக் கிழங்கை எலைசாவில் வைத்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். இரண்டு துண்டும் இருந்தாலும், இரண்டாவது துண்டு டிஆர்வியின் வகைக்கு வகை மாறுவதால் ஓர் எதிருடல் எல்லாவற்றையும் பிடிக்காது.

கொவிட் காலத்தில் ரெபிட் அன்டிஜன், பிசிஆர் இரண்டையும் பார்த்த நமக்கு இந்த வித்தியாசம் புதிதில்லை: ஒன்று புரதத்தைத் தேடும், மற்றது மரபுப்பொருளை. ஆர்டி-பிசிஆர் என்பது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கிப் பார்க்கும் முறை; அதிகம் மாறாத முதல் துண்டை அது குறிவைத்தால், உறை இல்லாத வைரஸையும் காட்டிவிடும். ஆகவே கிழங்குக்கு என் ஓட்டு பிசிஆருக்கே. அதிலும் ரியல்-டைம் முறை. சாதாரண பிசிஆரில் குழாயைத் திறந்து ஜெல்லில் ஓட்ட வேண்டும், திறக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த மாதிரி மாசுபடலாம். ரியல்-டைமில் குழாய் மூடியபடியே முடிவு வந்துவிடும். ஒன்று மட்டும்: செடியின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே சோதிக்காவிட்டால், ஆர்என்ஏ பிரிப்பதில் நடந்த கோளாறும் "வைரஸ் இல்லை" போலவே தெரியும். அப்புறம், கிழங்குக்குள் வைரஸ் சீராகப் பரவியிருக்காது. மாதிரியைப் பழுப்பு வளைவின் ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும்.

எலைசாவை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. திராட்சையின் ஃபேன்லீஃப் வைரஸ் உறையோடுதான் வரும். அதை சிபினெமா இன்டெக்ஸ் என்ற வட்டப்புழு பரப்புகிறது என்று 1958இல் கலிபோர்னியாவில் காட்டினார்கள். வட்டப்புழு வழியே தாவர வைரஸ் பரவும் என்பதற்கு அதுதான் முதல் சான்று. இளம் இலையாக இருந்தால் எலைசாவே போதும்.

பிசிஆர் போலவே மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் லாம்ப் முறைக்கு 60 முதல் 65 பாகை வரையான ஒரே வெப்பநிலை போதும், ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். 2022இன் மின்வெட்டை நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் துளி மாசு பட்டாலும் பொய்யாக "இருக்கிறது" என்று சொல்லிவிடும், அதனால் முதல் தெரிவாக எடுக்கமாட்டேன். முழு ஆர்என்ஏ வரிசைப்படுத்தல், என்ன வைரஸ் என்றே தெரியாதபோது மட்டும்.

சரி, மண்ணைச் சோதிப்பது எப்படி? மண்ணிலிருந்து நேரே ஆர்என்ஏ எடுத்தால் மண்ணின் மக்கில் உள்ள ஹியூமிக் அமிலம் பிசிஆரின் நொதியத்தை முடக்கும். ஆகவே புழுக்களைச் சல்லடையில் கழுவிப் பிரித்துப் பிசிஆர் செய்கிறார்கள். வைரஸ் புழுவுக்குள் பெருகுவதில்லை, உணவுக்குழாய்ப் பகுதியில் ஒட்டியிருக்கும், புழு தோலுரிக்கும்போது போய்விடும். அளவு மிகக் குறைவு. கிடைத்தாலும், அது பரவக்கூடிய வைரஸா, குடலில் கிடக்கும் வெறும் சாப்பாடா என்று பிசிஆர் சொல்லாது. இங்கே பழைய முறையே ஒரு படி மேல்: அந்த மண்ணில் புகையிலைக் கன்றைத் தூண்டில் இரைபோல நட்டு, சில வாரம் விட்டு, வேரைச் சோதிப்பது. வேருக்கு ஆர்டி-பிசிஆர் செய்தால் இரண்டு முறைகளின் பலமும் சேரும். தாமதம்தான் விலை.

ஒரு நடைமுறைச் சிக்கல். ட்ரைக்கோடோரஸ் வகைப் புழுக்கள் சூட்டுக்கும் வறட்சிக்கும் குலுக்கலுக்கும் தாங்காதவை. நுவரெலியாவிலிருந்து மண்ணை ஷொப்பிங் பேக்கில் கட்டி, பகல் பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பினால் புழுக்கள் வழியிலேயே செத்துவிடும், கன்றும் பொய்தான் சொல்லும். ஈரம் போகாமல் கட்டி, ஐஸ் நேரே படாதபடி குளிர்ப்பெட்டியில் வைத்து, இரவு பஸ்ஸில் அனுப்பச் சொல்லுங்கள்.